ஆஸ்கர் பார்னாக்

ஆஸ்கர் பார்னாக் (நவம்பர் 1, 1879 – ஜனவரி 16, 1936) ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த நுண்கருவி வினைஞரும், பொழுதுபோக்காக ஒளிப்படம் எடுத்து வந்தவரும் ஆவார். திரைப்படத்துக்கென உருவான 35 மி.மீ. படச்சுருளைக் கொண்டு, மேலங்கிப் பையில் அடங்கக்கூடிய சிறிய ஒளிப்படக்கருவி ஒன்றை இவர் வெட்ஸ்லார் நகரின் எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனத்தில் 1913-14 ஆம் ஆண்டுகளில் உருவாக்கினார். அக்கருவி 1925 ஆம் ஆண்டு லைக்கா என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. முழுச்சட்டக எண்ணிமக் கருவிகளின் உணரிகள் இன்றும் கொண்டுள்ள 24 × 36 மி.மீ. அளவு, பார்னாக் தம் கருவிக்குத் தேர்ந்துகொண்ட படத்தின் அளவே ஆகும்.

பார்னாக் ஆஸ்துமா நோயாளி. கனமான தட்டுக் கருவியைச் சுமந்துகொண்டு மேடேற முடியாத ஒருவர், தம் சொந்தப் பயன்பாட்டுக்காகத் தேடிய தீர்வாகவே இக்கருவி தொடங்கியது.

பின்னணி

ஒளிப்படக்கலை தோன்றிய பின் பல பத்தாண்டுகள் வரை, வெளியூர் சென்று படம் எடுப்பது என்பது பெருஞ்சுமையோடு பயணம் செய்வதாகவே இருந்தது. தமிழ்நாட்டிலிருந்தே இதற்கு ஒரு சான்று காட்டலாம். சென்னை மாகாணப் படையின் அதிகாரியான லின்னேயஸ் டிரைப் என்பவர் முதலில் பொழுதுபோக்காகவே ஒளிப்படம் பழகியவர். பின்னர் மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பெற்று, 1857-58 ஆம் ஆண்டுகளில் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களைப் படம் பிடித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீள்படமாக இணைத்தவரும் இவரே. பெரிய காட்சிப் படங்களுக்கு இவர் கண்ணாடித் தட்டைத் தவிர்த்து, மெழுகிட்ட தாளை எதிர்ப்படமாகப் பயன்படுத்தினார். தாள் இலேசானது, உடையாது. ஆனாலும் பெரிய மரப்பெட்டிக் கருவியும் முக்காலியும் வேதிப்பொருட்களும் மாட்டு வண்டியிலேதான் ஏற வேண்டியிருந்தன.

1880களில் உலர்தட்டுகள் பரவின. படம் எடுக்கும் இடத்திலேயே கூடாரம் அடித்துத் தட்டை நனைக்க வேண்டிய தொல்லை அதனால் நீங்கியது. கண்ணாடியின் எடை மட்டும் நீங்கவில்லை. 1888 ஆம் ஆண்டு கோடாக் நிறுவனம் சுருளைக் கொண்ட பெட்டிக் கருவியை வெளியிட்டது. அது எளிய மக்களிடையே பரவினாலும், படத்தின் நுணுக்கத்தில் கருத்துடைய பொழுதுபோக்காளர் பலர் தட்டுக் கருவிகளையே விரும்பினர். அக்காலத்தில் எதிர்ப்படத்தைத் தாளோடு ஒட்டவைத்து அதே அளவில் படி எடுப்பதே பொதுவான வழக்கம் என்பது இதற்கு ஒரு காரணம். படம் பெரியதாக வேண்டுமானால் தட்டும் பெரியதாக இருக்க வேண்டும். தட்டு பெரியதானால் கருவியும் பெரியதாகும். இந்தத் தொடர்பை அறுப்பதே பார்னாக்கின் சிக்கலாக அமைந்தது.

இளமையும் தொழிற்பயிற்சியும்

பார்னாக், பிராண்டன்பர்க் பகுதியிலுள்ள லைனோ என்னும் சிற்றூரில் பிறந்தார். பின்னர் குடும்பம் பெர்லினை அடுத்த லிக்டர்ஃபெல்டே பகுதிக்குக் குடிபெயர்ந்தது. இளமையில் இயற்கைக் காட்சி ஓவியராக வேண்டும் என்று இவர் விரும்பியதாகக் கூறப்படுகிறது. ஓவியத்தை நம்பிப் பிழைக்க முடியாது என்ற எண்ணத்தால், நுண்கருவிகள் செய்யும் பட்டறை ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். பயிற்சி முடிந்ததும், அக்காலத்து ஜெர்மானியத் தொழிலாளர் வழக்கப்படி ஊர் ஊராகச் சென்று பல பட்டறைகளில் வேலை செய்தார்.

1902 ஆம் ஆண்டு யேனா நகரிலுள்ள கார்ல் சைஸ் நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார். அங்கு எமில் மெக்காவ் என்னும் சக பணியாளரின் நட்பு கிடைத்தது. இந்த நட்பே பின்னாளில் இவரை வெட்ஸ்லாருக்குக் கொண்டு சேர்த்தது.

தட்டுகளின் சுமை

யேனாவில் இருந்த காலத்தில் ஓய்வு நாட்களில் துரிங்கியக் காட்டுப் பகுதிக்குச் சென்று படம் எடுப்பது பார்னாக்கின் வழக்கம். அவரிடம் இருந்தது 13 × 18 செ.மீ. தட்டுகளைப் பயன்படுத்தும் கருவி. அதனுடன் ஆறு இரட்டைத் தட்டுக்கூடுகளையும், பயண விற்பனையாளரின் பெட்டியை ஒத்த தோல்பை ஒன்றில் எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. மூச்சிரைப்பு நோய் உள்ளவருக்கு மேட்டுப் பாதைகளில் இது பெருந்துன்பமாக இருந்ததைப் பின்னாளில் அவரே எழுதியுள்ளார்.

இங்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது பொருந்தும். 13 × 18 செ.மீ. கண்ணாடித் தட்டு ஒன்றின் தடிப்பை 1.5 மி.மீ. எனக் கொண்டால், அதன் எடை ஏறத்தாழ 88 கிராம் ஆகும். ஆறு இரட்டைக் கூடுகளில் அடங்கும் 12 தட்டுகளுக்குக் கண்ணாடி மட்டுமே ஒரு கிலோகிராமைத் தாண்டும். கூடுகளின் எடையும், கருவியின் எடையும், முக்காலியின் எடையும் இதற்கு மேல். இவ்வளவையும் சுமந்து சென்றால் கிடைப்பவை பன்னிரண்டே படங்கள்.

1905 ஆம் ஆண்டளவில் பார்னாக் தம் முதல் மாற்று முயற்சியைச் செய்தார். ஒரே 13 × 18 செ.மீ. தட்டின் மீது, வில்லையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, 15 முதல் 20 வரையிலான சிறு படங்களை வரிசையாகப் பதித்துப் பார்த்தார். சிறிய எதிர்ப்படத்தை எடுத்துக்கொண்டு பின்னர் பெரிதாக்கிக் கொள்ளலாம் என்பது அவர் கருத்து. அன்றைய தட்டுகளின் வெள்ளி உப்புத் துகள்கள் பருமனானவை. பெரிதாக்கியபோது படம் முழுவதும் மணல் தூவியது போல் ஆயிற்று. முயற்சி கைவிடப்பட்டது.

பார்னாக்கைப் பற்றிய சிறு குறிப்புகளில் இந்தத் தோல்வி பெரும்பாலும் ஒரு வரியில் கடந்து செல்லப்படுகிறது. ஆனால் பின்னாளில் வென்ற கருத்து முழுவதும் இதிலேயே இருந்தது. சிறிய எதிர்ப்படம், பெரிய படி என்ற வழி அவருக்கு அப்போதே தெரியும். அதற்குத் தக்க நுண்துகள் படலமும் கூர்மையான வில்லையும் தாம் கிடைக்கவில்லை.

வெட்ஸ்லாரில்

மெக்காவ் 1910 ஆம் ஆண்டு லைட்ஸ் நிறுவனத்துக்குச் சென்று, திரைப்பட ஒளிவீழ்த்தி ஒன்றை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார். லான் ஆற்றங்கரையில் அமைந்த வெட்ஸ்லாரின் இந்நிறுவனம் அப்போது நுண்ணோக்கிகளுக்குப் பெயர் பெற்றிருந்தது. ஒளிப்படக்கருவி அதன் தொழில் அன்று. அங்கு ஓர் இடம் காலியானபோது மெக்காவ் பார்னாக்கைப் பரிந்துரைத்தார். அடிக்கடி நோயில் விழும் தம்மைப் புதிய நிறுவனம் ஏற்குமா என்று பார்னாக் தயங்கினார். அவரது உடல்நிலையை அறிந்தே எர்ன்ஸ்ட் லைட்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டார். 1911 ஜனவரியில் பார்னாக் ஆய்வுப் பட்டறையின் பொறுப்பை ஏற்றார்.

அலுவல் நுண்ணோக்கிகள் சார்ந்தது என்றாலும், திரைப்படக் கருவிகளிலும் பார்னாக்குக்கு ஈடுபாடு இருந்தது. உலோகத்தாலான திரைப்படக்கருவி ஒன்றையும் இவர் செய்தார். அன்றைய திரைப்படச் சுருளின் உணர்திறன் ஒரே சீராக இராது. எவ்வளவு ஒளி விட வேண்டும் என்பதைச் சிறு துண்டில் சோதித்துப் பார்ப்பது நல்லது. சிறு ஒளிப்படக்கருவி இத்தகைய சோதனைக்காகவே பிறந்தது என்று கூறுவோரும் உளர். நடைப்பயணத்துக்கான கருவியாகவே எண்ணப்பட்டது என்போரும் உளர். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. பட்டறையில் திரைப்படச் சுருள் கைக்கு எட்டும் தொலைவில் இருந்தது. துரிங்கியக் காட்டின் நினைவும் இருந்தது.

முதல் கருவி

1914 மார்ச்சில் பார்னாக்கின் பணிக்குறிப்பேட்டில் திரைப்படச் சுருளைப் பயன்படுத்தும் குட்டிக் கருவி ஒன்று முடிவுற்றதாகப் பதிவாகியுள்ளது. குறைந்தது இரண்டு கருவிகள் செய்யப்பட்டன. பிற்காலத்தவர் இதை ஊர்-லைக்கா என்பர். ஊர் என்பது இங்கு ஜெர்மன் மொழியில் மூலம், முதல் என்று பொருள்படும் முன்னொட்டு.

முனைகள் வளைந்த உலோக உடல், உள்ளே தள்ளி வைக்கக்கூடிய வில்லைக்குழல், சுருளை நகர்த்தும்போதே மூடுதிரையும் முடுக்கப்படும் அமைப்பு ஆகியன இதில் இருந்தன. கடைசியாகச் சொன்னது சிறியதாகத் தோன்றினாலும் மிகவும் பயனுள்ளது. சுருளை நகர்த்தாமல் அடுத்த படத்தை எடுக்க முடியாது என்பதால், ஒன்றின் மேல் ஒன்றாக இரு படங்கள் பதியும் பிழை நீங்கியது. குறை ஒன்றும் இருந்தது. மூடுதிரையை முடுக்கும்போது அதன் இடைவெளி வழியே ஒளி புகும்; ஆகவே ஒவ்வொரு முறையும் வில்லையை ஒரு மூடியால் மறைக்க வேண்டியிருந்தது.

திரைப்படத்தில் சுருள் மேலிருந்து கீழாக ஓடும். ஒரு சட்டகம் 18 × 24 மி.மீ. அளவுடையது. பார்னாக் சுருளைக் கிடைமட்டமாக ஓடவிட்டு, இரு சட்டகங்களின் இடத்தை ஒரே படத்துக்கு ஒதுக்கினார். 24 × 36 மி.மீ. அளவு இவ்வாறு கிடைத்தது. ஒரு படத்துக்கு எட்டுத் துளைகள், அதாவது இடைவெளியையும் சேர்த்து 38 மி.மீ. நீளம் செலவாகும். ஒரு சுருளில் 36 படங்கள் என்ற எண்ணிக்கை, பார்னாக் தம் இரு கைகளையும் விரித்து அளந்த சுருளின் நீளத்தால் வந்தது என்றொரு கதை வழங்குகிறது. 36 படங்களுக்கு ஏறத்தாழ 1.4 மீட்டரும், தொடக்கத்திலும் முடிவிலும் சற்று மிகையும் வேண்டும் என்பதால் கதை பொருந்தி வருகிறது; உண்மையென்று உறுதி செய்ய இயலாது.

முன்னர் இட்ட எடைக் கணக்கை இங்கும் தொடரலாம். 36 படங்களுக்கான சுருளின் எடை பத்துக் கிராம் அளவே. அதே எண்ணிக்கைப் படங்களுக்குக் கண்ணாடித் தட்டுகள் மூன்று கிலோகிராமுக்கு மேல் ஆகும். இதற்குக் கொடுத்த விலையும் சிறியதன்று. 13 × 18 செ.மீ. தட்டின் பரப்பு, 24 × 36 மி.மீ. சட்டகத்தின் பரப்பைப் போல் 27 மடங்கு. தட்டிலிருந்து நேரடியாகப் படி எடுக்கும் அளவை எட்ட, சிறு எதிர்ப்படத்தை நீளவாக்கில் ஐந்து மடங்கு பெரிதாக்க வேண்டும். வில்லையில் உள்ள சிறு குறையும், சுருளில் விழும் சிறு கீறலும் ஐந்து மடங்காகத் தெரியும்.

திரைப்படச் சுருளை ஒளிப்படத்துக்குப் பயன்படுத்தியதில் பார்னாக் முதலாமவர் அல்லர். அமெரிக்காவில் டூரிஸ்ட் மல்டிபிள், சிம்ப்ளெக்ஸ் ஆகிய கருவிகள் முதல் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் விற்பனைக்கு வந்தன. அவை நிலைக்கவில்லை.

போரும் இடைவெளியும்

1914 இல் நிறுவனரின் மகன் எர்ன்ஸ்ட் லைட்ஸ் (இளையவர்) முன்மாதிரிக் கருவி ஒன்றை அமெரிக்கப் பயணத்தில் எடுத்துச் சென்று நியூயார்க் நகரைப் படம் பிடித்தார். அவ்வாண்டு ஆகஸ்ட்டில் போர் மூண்டது. வெட்ஸ்லார் சந்தைச் சதுக்கத்தில் படைதிரட்டும் அறிவிப்பின் முன் மக்கள் நிற்பதைப் பார்னாக் படம் எடுத்துள்ளார். போர்க்காலத்தில் கருவியை மேலும் வளர்த்தெடுக்க வாய்ப்பில்லை. 1920 இல் லான் ஆற்றின் வெள்ளம் நகருக்குள் புகுந்தபோது எடுத்த படங்கள் இவரது படங்களுள் புகழ் பெற்றவை. முக்காலி நட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து எடுப்பவரால் அந்தத் தெருக்களை அப்படிச் சுற்றி வந்திருக்க முடியாது.

1920 இல் மூத்த லைட்ஸ் மறைந்தார், மகன் பொறுப்பேற்றார். 1923-24 இல் சோதனைக்கென இருபதுக்கும் சற்று மேற்பட்ட கருவிகள் செய்யப்பட்டு, ஒளிப்படக்காரர்களிடமும் அறிந்தோரிடமும் கொடுக்கப்பட்டன. கருத்துகள் வேறுபட்டன. இத்தனை சிறிய எதிர்ப்படத்தைக் கொண்டு முறையான வேலை செய்ய இயலாது என்றோர் பலர்.

1924 ஆம் ஆண்டு முடிவு

அப்போது ஜெர்மனி கடும் பணவீக்கத்திலிருந்து மீண்டுகொண்டிருந்தது. நுண்ணோக்கி விற்பனையை மட்டும் நம்பித் தொழிலாளர்களுக்குத் தொடர்ந்து வேலை தர முடியுமா என்ற கவலை நிறுவனத்தில் இருந்தது. சந்தையே இல்லாத புதுப் பொருளில் முதலீடு செய்து அது தோற்றால் நிலைமை மேலும் மோசமாகும். 1924 ஜூனில் நடந்த கூட்டத்தில் எதிர்ப்புக் குரல்கள் மிகுந்திருந்தன. இளைய லைட்ஸ் எல்லோரையும் கேட்ட பின், பார்னாக்கின் கருவியைத் தயாரிப்பது என்று தாமே முடிவெடுத்தார்.

முடிவுக்குத் துணை நின்றது மாக்ஸ் பெரெக்கின் வில்லை எனலாம். படிக ஒளியியலில் அறிஞரான பெரெக் 1912 முதல் லைட்ஸ் நிறுவனத்தில் இருந்தார். பார்னாக்கின் முதற்கருவியில் நுண்ணோக்கி வேலைக்கான வில்லையே பொருத்தப்பட்டிருந்தது. பெரெக் 24 × 36 மி.மீ. பரப்பு முழுவதும் கூர்மை குறையாத 50 மி.மீ. வில்லையைக் கணித்துக் கொடுத்தார். எர்ன்ஸ்ட் லைட்ஸ், மாக்ஸ் ஆகிய பெயர்களைச் சேர்த்து அது எல்மாக்ஸ் எனப்பட்டது. பின்னர் எளிமையாக்கப்பட்டு எல்மார் ஆயிற்று. பார்னாக்கைப் பற்றிப் பேசுமிடத்து பெரெக்கை மறந்துவிடுவது முறையாகாது. 1905 இல் இல்லாதிருந்த இரண்டில் ஒன்றைத் திரைப்படத் தொழில் தந்தது. மற்றொன்றைத் தந்தவர் அவரே.

லைக்கா (லைட்ஸ், கேமரா என்பவற்றின் முதலெழுத்துகளால் ஆன பெயர்) 1925 ஆம் ஆண்டு லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் அறிமுகமானது. மூடுதிரை இப்போது தானே ஒளியை மறைத்துக்கொண்டது. நொடியில் 500 இல் ஒரு பங்கு வரை வேகம் கொண்டிருந்தது. வில்லையோடு சேர்த்தும் எடை அரைக் கிலோகிராமை எட்டவில்லை.

பிற்காலம்

பார்னாக் தொடர்ந்து கருவியைச் செப்பனிட்டு வந்தார். 1930 இல் வில்லையைக் கழற்றி மாற்றும் வசதி வந்தது. 1932 இல் தொலைவு காணியுடன் இணைந்த இரண்டாம் லைக்காவும், 1933 இல் மெதுவான வேகங்களையும் கொண்ட மூன்றாம் லைக்காவும் வெளிவந்தன. பார்னாக்கின் முன்னாள் நிறுவனமான சைஸின் குழுமத்தைச் சேர்ந்த சைஸ் ஐகான், காண்டாக்ஸ் என்னும் போட்டிக் கருவியை 1932 இல் வெளியிட்டது. 1934 இல் கோடாக் நிறுவனம், பகல் வெளிச்சத்திலேயே மாட்டக்கூடிய உறையில் 35 மி.மீ. சுருளை விற்கத் தொடங்கியது. அதுவரை பெரும்பாலும் இருட்டறையில் சுருளை வெட்டி உறையில் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

உடல்நலம் இவருக்கு ஒருபோதும் முழுமையாகத் திரும்பவில்லை. 1936 ஜனவரி 16 அன்று, பாட் நவ்ஹைம் நகரில் தமது 56 ஆவது வயதில் காலமானார்.

தாக்கம்

கையில் பிடித்துக்கொண்டே எடுக்கக்கூடிய, பிறர் கவனத்தை ஈர்க்காத கருவி வந்ததால் செய்திப் படங்களின் இயல்பே மாறியது. பிரெஞ்சு ஒளிப்படக்காரர் ஆன்றி கார்ட்டியே-பிரெசோன் 1930களின் தொடக்கத்தில் லைக்காவுக்கு மாறியவர். காந்தியடிகளின் இறுதி நாளிலும் அதன் பின்னரும் தில்லியில் அவர் எடுத்த படங்கள் உலகறிந்தவை. 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலைக்கு வந்து, இரமண மகரிசியின் கடைசி நாட்களைப் பதிவு செய்தார். அதே மாதத்தில் புதுச்சேரியில் அரவிந்தரையும் படம் எடுத்தார். நோயுற்ற ஒருவரின் அறைக்குள் முக்காலியும் விளக்குகளும் இன்றி நுழைய முடிந்தது, கருவி சிறியதாக இருந்ததால்தான்.

தமிழகத்தில் 35 மி.மீ. கருவிகள் மெதுவாகவே பரவின. கலியாண வீடுகளில் நெடுங்காலம் 120 சுருளைப் பயன்படுத்தும் இரட்டை வில்லைக் கருவிகளே வழக்கில் இருந்தன. உதகமண்டலத்தில் 1960 இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் 1967 முதல் இந்து என்ற பெயரில் படச்சுருள்களைத் தயாரித்தது. கோவை, திருப்பூர், பல்லடம் வட்டாரங்களில் ஒளிப்படம் பழகிய ஒரு தலைமுறைக்கு அந்தக் கறுப்பு-வெள்ளைச் சுருள் நன்கு தெரிந்த ஒன்று. பின்னாளில் நிறுவனம் நலிந்து மூடப்பட்டது.

எண்ணிமக் காலத்தில் பார்னாக்கின் சட்டகம் முழுச்சட்டகம் என்னும் பெயரைப் பெற்று, பெரியது எனக் கருதப்படும் நிலைக்கு வந்ததைக் குறிப்பிட வேண்டும். அந்த அளவுக்கான கண்ணாடி மடக்குக் கருவியும் நீள்வில்லைகளும் சேர்ந்தால் மீண்டும் பல கிலோகிராம் எடை ஆகின்றன. 2008 இல் பானாசோனிக், ஒலிம்பஸ் நிறுவனங்கள் அறிவித்த ஆடியற்ற கருவி முறை ஒன்றில் உணரியின் அளவு 17.3 × 13 மி.மீ. மட்டுமே, பரப்பில் 24 × 36 மி.மீ. சட்டகத்தின் நான்கில் ஒரு பங்கை விடச் சற்று மிகுதி. முதுகுவலியாலும் மூட்டுவலியாலும் இத்தகைய சிறு கருவிகளுக்கு மாறும் பொழுதுபோக்காளர்கள் எதிர்கொள்ளும் கேள்வி, 1905 இல் பார்னாக் எதிர்கொண்டதேயாகும்: எவ்வளவு பரப்பை விட்டுக்கொடுத்தால் எவ்வளவு எடை குறையும், பெரிதாக்கும்போது எது மிஞ்சும் என்பதே அது.

நினைவு

பார்னாக்கின் பிறந்த நூற்றாண்டையொட்டி 1979 இல் லைக்கா ஆஸ்கர் பார்னாக் விருது ஏற்படுத்தப்பட்டது. மனிதருக்கும் சூழலுக்கும் உள்ள உறவைக் காட்டும் ஒளிப்படத் தொடர்களுக்கு இது வழங்கப்படுகிறது.

1923 ஆம் ஆண்டுச் சோதனை வரிசையில் 105 ஆம் எண்ணுடைய கருவி பார்னாக்கின் சொந்தப் பயன்பாட்டில் இருந்தது. காட்சிகாணியின் மேல் அவர் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. 2022 ஜூனில் வெட்ஸ்லாரில் நடந்த ஏலத்தில் அது 1.44 கோடி யூரோவுக்கு விலை போனது.